நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்

மாட்டு டாக்டர் வேலையில் மாடு உதைக்கும், முட்டும், மேலே சாணி போடும். ஆனால் ஒரு மாடும் வந்து சிபாரிசுக் கடிதம் கேட்காது. அதைக் கேட்பவர்கள் மனிதர்கள். தலைமை ஆசிரியராகவோ, ஆஸ்பத்திரி டாக்டராகவோ, பச்சை மையில் கையெழுத்துப் போடும் வேறு ஏதாவது அதிகாரியாகவோ காலம் தள்ளிய என் சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது நன்றாகவே புரியும்.

எழுபதுகளின் நடுவிலிருந்து எட்டு ஒன்பது வருஷம் சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் டாக்டராக இருந்தேன். பரீட்சை ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். மெட்ராஸில் கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பம் போடுகிறவர்கள். காலேஜில் கேட்டிருந்தார்களோ இல்லையோ, வேலை பார்க்கிற மாட்டு டாக்டர் ஒருவரிடம் ‘இவனுக்கு ஆடு மாடுகள் மேல் அக்கறை உண்டு’ என்று ஒரு கடிதம் வாங்கிப் போனால் இன்டர்வியூவில் தனி மதிப்பு என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எனக்கு வேலையும் அதிகம், சோம்பலும் அதிகம். “நீயே எழுதிக்கொண்டு வா. தமிழில் எழுதினாலும் சரி, டைப் அடிக்கும்போது இங்கிலீஷ் ஆக்கிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லிவிடுவேன். தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்னால் பிள்ளைகள் என்னென்ன எழுதுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏழு எருமைகள்

முதல் வருஷம் ஒரே வாரத்தில் ஏழு கடிதங்கள் வந்தன. ஏழும் டைப் அடித்து, மேலே தேதிக்கு இடம் விட்டு, லட்சணமாக இருந்தன. முதல் இரண்டில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். மூன்றாவதைத் தற்செயலாகப் படித்தேன். பிரசவம் ஆகாமல் உயிருக்குப் போராடிய ஓர் எருமையை நான் காப்பாற்றியபோது இந்த மாணவன் அருகில் நின்று உதவினான் என்று இருந்தது. இந்த மாணவனை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கையெழுத்துப் போட்ட இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே எருமை. மீதி நான்கிலும் அதே எருமை.

ஏழும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டைப் இன்ஸ்டிட்யூட்டில் அடித்தவை. சாயங்காலம் நேரே அங்கே போனேன். “என்ன வே இது, நான் என்றைக்கு இத்தனை எருமைக்குப் பிரசவம் பார்த்தேன்?” என்று கேட்டேன். அதன் சொந்தக்காரர் மெஷினிலிருந்து கையை எடுக்காமல் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

“எருமை வேண்டாம்னா சொல்லுங்க சார், பசுவா மாத்திருதேன். கார்பன் பத்திரமா வச்சிருக்கேன்.”

அலமாரிச் சாவி

அதற்குப் பிறகு வருகிற கடிதங்களை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்க வைத்தது செல்லத்துரையின் கடிதம். வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பையன். நோட்டுத் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் தமிழில் எழுதியிருந்தான்.

‘எனக்கு ஏன் இந்தப் படிப்பில் ஆசை வந்தது என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் உழவு ஜோடியில் ஒரு காளைக்கு வயிறு உப்பிவிட்டது. வண்டியில் ஏற்றி அப்பாவும் நானும் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் இல்லை. வயிற்றைக் குத்திக் காற்றை இறக்கும் குழாய் அலமாரியில் இருந்தது. கண்ணாடி வழியாக எங்களுக்கே தெரிந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி டாக்டரிடம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் காளை வேப்பமரத்தடியில் செத்தது. குழாயைக் குத்தியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் பிழைத்திருக்கும் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.’

அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மேலதிகாரி ஒருவர் வீட்டு நாய்க்குக் காதில் புண். கார் அனுப்பியிருந்தார். கம்பவுண்டர் இசக்கிமுத்து என் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்குமாக ஓடியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது காளையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பையன் முகம் எனக்கு நினைவில்லை, நான் பார்க்கவில்லை.

“இதை ஏன் எழுதணும்? ஆடு மாடு மேல பிரியம்னு எழுதினாப் போதாதா?” என்றேன். “நடந்ததைத்தான எழுதணும் சார்?” என்றான். முறைப்பாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டான். இசக்கிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதை அப்படியே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே என் பெயரும் பதவியும் உள்ள முத்திரையைக் குத்தினேன். அவனுக்கு அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை, மார்க் பத்தவில்லை என்று பின்னால் தெரிந்தது. கடிதம் கொடுத்த அன்றைக்கு வாசல் வரைக்கும் கூடவே போய், “எம்மேல கோவமா செல்லத்துரை?” என்று கேட்டேன்.

“உங்களைப் பத்தி அதுல ஒண்ணுமே எழுதலியே சார். காளையைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்.”

செத்த ஆடு தெரியும்

வாரத்தில் ஒரு நாள் காலையில் கறிக்கடைக் கொட்டகைக்குப் போய், அறுத்த ஆடுகளைப் பார்த்து முத்திரை குத்துவதும் என் தலையில் இருந்தது. அங்கே மைதீன் என்று ஒரு கடைக்காரர். அவருடைய மகள் பாத்திமா பள்ளிக்கூடம் போகிற வழியில் தகப்பனாருக்குக் காலைச் சாப்பாடு கொண்டுவருவாள். கடைசிப் பரீட்சை முடிந்த வருஷம், சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, ஒரு தாளை என்னிடம் நீட்டினாள்.

‘எனக்கு உயிருள்ள ஆட்டைவிடச் செத்த ஆட்டைத்தான் நன்றாகத் தெரியும். எந்த ஈரல் நல்லது, எது புழு விழுந்தது என்று சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து வெளுத்திருந்தால் ஈரல் கெட்டிருக்கும் என்று நானே கண்டுபிடித்தேன். செத்த பிறகு தெரிவது சாகிறதுக்கு முன்னால் தெரிய வேண்டும், அதற்காகப் படிக்க விரும்புகிறேன்.’

கால்நடை மருத்துவம் படிக்க நான் போனபோது, ஏன் இந்தப் படிப்பு என்று என்னையும் இன்டர்வியூவில் கேட்டார்கள். ஏழை விவசாயிகளுக்குச் சேவை என்று ஏதோ உளறினேன். இந்தப் பெண் எழுதியதில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. மைதீனிடம், “உங்களுக்குச் சம்மதந்தானா?” என்று கேட்டேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, “எனக்குச் சம்மதமான்னு அவ கேக்கலியே டாக்டரே, லெட்டர் நல்லாருக்கான்னுதான கேட்டா” என்றார். அவளுக்கு இடம் கிடைத்தது. பெண்ணைத் தனியாக மெட்ராஸுக்கு அனுப்புகிறார் என்று சொந்தக்காரர்கள் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். கடைக்கு வருவதையும் சிலர் நிறுத்தினார்கள். அவர் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பெண்ணை அவரே ரயிலேற்றிவிட்டு வந்தார். படிப்பு முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

டாக்டராகி, வேறு ஒரு ஜில்லாவில் வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு முறை ஊருக்கு வந்தவள் ஆஸ்பத்திரிக்கும் வந்தாள். தகப்பனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல மனுஷர், என் வேலைக்கு எவ்வளவு ஒத்தாசையாக இருந்தார் என்று சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நீங்க முத்திரை போட்ட ஆட்டுல பாதிக்கு ஈரல்ல புழு உண்டும் சார். வாப்பாதான், டாக்டர் மனசு சங்கடப்படும், சொல்லாதம்மான்னுட்டாங்க.”

ஒரு கெட்ட கடிதம் வேண்டும்

ஆஸ்பத்திரி அப்போது வாடகைக் கட்டடத்தில் இருந்தது. கட்டடம் மிளகாய் வத்தல் மண்டி முதலாளி ஒருவருடையது. ஒரு நாள் அவரே மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் பெயர் ரவி. கடிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது, யாரோ படித்தவர்களைக் கொண்டு எழுதியது. அதே நேரத்தில் வெளியே ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்று, செத்த கன்றை உள்ளேயே அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. “போய்ப் பாரு, படிக்கப்போறவன்லா” என்று தகப்பனார் மகனை அனுப்பினார். முதல் கால் வெளியே வருவதற்குள் ரவி மயங்கி விழுந்தான். நெற்றியில் அடி.

மறுநாள் கட்டுப் போட்ட நெற்றியோடு தனியாக வந்தான். கையில் ஒரு தாள். “சார், எனக்கு ஒரு கெட்ட லெட்டர் எழுதித் தாங்க” என்றான். அவனே எழுதி வந்திருந்தான். ‘இந்த மாணவன் ரத்தத்தைக் கண்டால் மயங்குவான். பிராணிகளைத் தொட அருவருப்புப் படுவான். இவனை எடுத்தால் ஒரு நல்ல மாணவனுடைய இடம் வீணாகும். இவனுக்குக் கணக்கு மட்டும் நன்றாக வரும்.’ கீழே என் பெயர் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான். நான் வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். “அப்பாகிட்டப் பேசுதேன், நீ போ” என்றேன். பேசவில்லை. கட்டடம் அவருடையது, காலி செய்யச் சொன்னால் வேறு இடம் கிடைக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் கொண்டுவந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இடம் கிடைத்தது. மூன்றாம் மாதம் ஹாஸ்டலில் பெட்டி, புத்தகம், செருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காணாமல் போனான். பம்பாயில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், குண்டக்கல் ஸ்டேஷனில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நான் ஊரைவிட்டு மாற்றலாகிப் போகும் வரை அவன் வரவில்லை. தகப்பனார் மண்டிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் மத்தியானம் வந்து என் எதிரே அந்த மேசைக்கு முன்னாலேயே உட்கார்ந்தார். அந்தத் தாள் அவருக்கும் எனக்கும் நடுவில் டிராயருக்குள் இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தோள் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

“அவ்வளவு நல்ல பிள்ளைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டியளே டாக்டர், பொறவு எதுக்கு ஓடுனான்?”

முருகையா

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு முறை தாளைக் கிழித்துப்போட்டேன். இனிமேல் கிழிப்பதாக இல்லை.

ரவிக்குப் பிறகு நான் ஒரு முடிவு செய்திருந்தேன். வருகிறவர்கள் யாரானாலும் ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்து கூட நின்று வேலை பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கடிதம். பாதிப் பேர் அதைக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். தினமும் வந்தவன் முருகையா. ராயகிரிக்குப் பக்கத்துப் பையன், தகப்பனாருக்கு வயல் கூலி வேலை. முதல் பஸ்ஸில் வந்துவிடுவான். மாட்டைப் பிடிக்கிற பிடியில் ஒரு நிதானம் இருந்தது. இசக்கிமுத்து யாரையும் புகழமாட்டார்; அவரே, “இவன் தொட்டா மாடு கண்ணை மூடுது சார்” என்றார்.

ஆடி மாதம். ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாயெல்லாம் எச்சில் ஒழுகுகிறது, தீனி தின்னவில்லை. பனம்பழக் காலம். கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். வாய்க்குள் கையைவிட்டுப் பார்த்தேன், தட்டுப்படவில்லை. “என் கை சின்னது சார், நான் பாக்குதேன்” என்று முருகையா முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினான். அவன் விரலில் புல் அறுத்த காயம் இருந்தது. இரண்டாம் நாள் அந்தப் பசு கத்தியதைக் கேட்டதும் இசக்கிமுத்து கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். தொண்டை கட்டிய மனுஷக் குரல் மாதிரி இருந்தது. அதற்கு ஒரு மாதம் முந்தி நாய் கடித்ததை மாட்டுக்காரர் அப்போதுதான் சொன்னார். நான்காம் நாள் பசு செத்தது.

வெறிநாய்க்கடிக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினம் ஒன்று. காலையில் நான், இசக்கிமுத்து, முருகையா மூன்று பேரும் பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போவோம். திரும்பி வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவோம். ஒன்பதாவது ஊசி போட்ட அன்றைக்கு, மெட்ராஸில் இன்டர்வியூ என்று முருகையாவுக்குக் கார்டு வந்தது. நான் இரண்டு கடிதம் கொடுத்தேன். ஒன்று சிபாரிசு. இன்னொன்று, மீதி ஊசியை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் போடச் சொல்லி. கொல்லம் மெயிலில் ஏற்றிவிட்டேன்.

ஆறாம் நாள் திரும்பி வந்தான். இன்டர்வியூ நன்றாகச் செய்திருந்தான். என்ன கேட்டார்கள், என்ன சொன்னான் என்று முகம் பூரித்துச் சொன்னான். ஊசி போட்டாயா என்றேன். “போடல சார். வயிறு வீங்கி நிமிர முடியல. அவங்க முன்னால குனிஞ்சிக்கிட்டு நின்னா சீக்காளின்னு தள்ளிருவாங்கள்ளா?” என்றான். அன்றைக்கே அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதலிலிருந்து போட வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் வந்தான். மூன்றாம் நாள் வரவில்லை. வயலில் நடவு, கூலிக்குப் போயிருக்கிறான் என்று சொன்னார்கள். ஆள் அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்து ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். நானும் இசக்கிமுத்துவும் பதினாலும் போட்டு முடித்திருந்தோம். அவனை விட்டுவிட்டேன். இதற்கு வேறு வார்த்தை இல்லை.

ஆவணி முடிகிற சமயத்தில் அவன் தகப்பனார் தேடி வந்தார். பையன் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான், திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்றார். பஸ் ஏறிப் போனேன். கதவையும் ஜன்னலையும் சாத்திய அறையில் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாதம் என்னிடம் வேலை கற்றவன். தெரியாமல் எப்படி இருக்கும்? கிட்டே வராதீங்க என்று கையைக் காட்டினான். “அந்தப் பசு மாதிரியே என் குரல் மாறிட்டு, பாத்தீங்களா சார்?” என்றான். மறுநாள் செத்துப்போனான்.

பத்து நாள் கழித்துத் தகப்பனார் மறுபடி வந்தார். தலை மொட்டையடித்திருந்தார். மடியிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்துக் கொடுத்தார். “தபால்காரர் கொண்டாந்தாரு. யாரும் வாசிச்சுச் சொல்ல மாட்டேங்காங்க” என்றார். இடம் கிடைத்திருந்தது. என்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும், என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். இசக்கிமுத்து எழுந்து வெளியே போய்விட்டார். தகப்பனார் அழவில்லை. அந்தத் தாளை வாங்கி, மடித்த மாதிரியே மறுபடியும் மடித்தார். பிறகு மேசை மேலிருந்த என் பேனாவைப் பார்த்தார்.

“அவனால வர முடியாதுன்னு நீங்க ஒரு கடுதாசி எழுதிப் போட்டுருங்க சார், அந்த எடம் வேற ஒரு பிள்ளைக்காவது ஆகட்டும்.”

கையெழுத்துப் போடுவதில் என்ன பெரிய கஷ்டம் என்று யாராவது கேட்டால், பேனாவில் மை இருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.